‘கைண்ட்லி’யை விட்ட வெண்மதி

புதுச்சேரியில் யாரோ ஃபர்ஹானாவின் மச்சானிடம் சொல்லியிருக்கிறார்கள். மச்சான் ஃபர்ஹானாவிடம் சொன்னார். ஃபர்ஹானா டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே, கூட வேலை பார்க்கிற வெண்மதியிடம் சொன்னாள்.

"அங்க நம்மள மாதிரி சாட் கம்பெனில ஒரு பொண்ண வீட்டுக்கு அனுப்பிட்டாங்களாம்க்கா. ஒரே சாட்ல நாலு தடவ ‘கைண்ட்லி’ போட்டுச்சாம். சொன்னதையே சொல்லிட்டிருக்க மெஷின் போதுமே, ஆளு எதுக்குன்னு கேட்டாங்களாம்."

வெண்மதி கையில் எடுத்த எலுமிச்சை சாதத்தை டிபன் பாக்ஸிலேயே திருப்பிப் போட்டாள். கைண்ட்லி காத்திருக்கவும், கைண்ட்லி ஆர்டர் நம்பர் தரவும், கைண்ட்லி மன்னிக்கவும். அவளுடைய இங்கிலீஷில் பாதி அதுதான்.

சிதம்பரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தவள் அவள். உட்கார ஸ்டூல் போட்டிருந்தார்கள், உட்கார்ந்தால் முறைப்பார்கள். நின்று நின்று கெண்டைக்காலில் நரம்பு முடிச்சுப் போட்டுக்கொண்டபோது கடையையே மூடிவிட்டார்கள். அதன் பிறகு கிடைத்தது கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடியில் இந்த வேலை. இங்கிலாந்தில் கட்டில், சோபா விற்கிற ஒரு கடைக்கு வாடிக்கையாளர்கள் எழுதுகிற கேள்விகளுக்கு இங்கிருந்து பதில் தட்ட வேண்டும். உட்கார்ந்து பார்க்கிற வேலை. சக்கரம் வைத்த நாற்காலி. இந்த மாதக் கடைசியில் நிரந்தரமா இல்லையா என்று சொல்லிவிடுவார்கள்.

அந்த நாற்காலிக்காகத்தான் போனில் ஒரு ஆப்பை இறக்கிக்கொண்டாள். ஒரு வார்த்தையைக் கொடுத்தால் அதே அர்த்தத்தில் பத்து வார்த்தை தரும். தினமும் சிதம்பரத்தில் கடலூர் பஸ்ஸில் ஏறியதும் ஆரம்பித்துவிடுவாள். க்விக்லி என்றால் ஸ்விஃப்ட்லி, ராப்பிட்லி, ஸ்பீடிலி, ப்ராம்ப்ட்லி. ஆலப்பாக்கம் வருவதற்குள் வாய் உலர்ந்துவிடும்.

மனப்பாடம் ஆனது, தெளியவில்லை. எல்லாம் ஒன்றுதான் என்கிறது ஆப். அதெப்படி ஒன்றாகும்? சட்டுன்னு எழுந்தான் என்றால் ஒன்று, மடமடன்னு குடித்தான் என்றால் வேறொன்று. மடமடன்னு எழுந்தான் என்று யாராவது சொன்னால் சிரிக்கமாட்டோமா? அங்கேயும் ஸ்விஃப்ட்லியைப் போட வேண்டிய இடத்தில் ராப்பிட்லியைப் போட்டால் சிரிப்பார்களோ என்னவோ. சிரித்தால் இங்கே கேட்கவா போகிறது?

வீட்டில் இளவரசுவிடம் கேட்டாள். நெல்லிக்குப்பத்தில் டிராக்டர் மெக்கானிக்காக இருக்கிறவர், அவள் கணவர்.

"ஏங்க, டெஃபனட்லிக்கும் சர்ட்டன்லிக்கும் என்னாங்க வித்தியாசம்?"

"வண்டிய நாளைக்குக் கண்டிப்பா தர்றேன்னு நான் சொல்றேன்ல, அது டெஃபனட்லி. கண்டிப்பா வருமான்னு அவன் மறுபடியும் கேக்குறான்ல, அப்ப சொல்றது சர்ட்டன்லி."

"ரெண்டுலயும் வண்டி போவாதே."

"அதாம்மே, ஒன் ஆப்பும் ரெண்டும் ஒண்ணுங்குது."

டீம் லீடர் சித்தார்த் அவளைவிடப் பத்து வயது சின்னவர். தயங்கித் தயங்கி அவரிடமும் போனாள்.

"சார், கைண்ட்லி போடலாமா, கூடாதா?"

"போடக்கூடாதுன்னு யாருக்கா சொன்னது?"

"பொதுவா பேசிக்கிறாங்க."

"ஐயோ அக்கா, நேச்சுரலா எழுதுங்க. போதும்."

அவளுக்கு நேச்சுரலாக வருவதே கைண்ட்லிதான். போடலாம் என்று சொன்னாரா, கூடாது என்று சொன்னாரா? இருக்கைக்குத் திரும்புவதற்குள் இன்னும் குழம்பிப்போனாள். எதற்கு வம்பு என்று கைண்ட்லியை அடியோடு விட்டாள். ஒரு பதிலில் வந்த வார்த்தை அடுத்ததில் வராமல் பார்த்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை டோரத்தி என்கிற அம்மாள் சாட்டில் வந்தாள். கணவர் நாளை ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்புகிறார். மாடி ஏற முடியாது. கீழ் அறைக்குக் கட்டில் வாங்கியிருக்கிறேன். நாளை காலை வந்துவிடுமா?

வெண்மதி திரையில் தேடிப் பார்த்தாள். கட்டில் வேனில் ஏறியிருந்தது. நாளை காலை முதல் வீடு அவர்களுடையதுதான். சந்தோஷமாக ‘டெஃபனட்லி’ என்று தட்டினாள். நிச்சயம்தானா என்று கேட்டாள் அந்த அம்மாள். ‘அன்டவுட்டட்லி’ என்றாள். போன வாரமும் இப்படித்தான் சொன்னீர்கள் என்றது பதில். வெண்மதி நினைவில் துழாவி, ஆப் அதே வரிசையில் கடைசியாகத் தந்த ‘இன்டுபிட்டப்ளி’யை எடுத்துப் போட்டாள்.

அனுப்பிவிட்டுத் திரையைப் பார்த்தாள். பிறகு வந்தது: நான் மனுஷியிடம் பேசுகிறேனா, மெஷினிடமா?

வெண்மதி நாற்காலியை மேசையோடு ஒட்டி இழுத்துக்கொண்டாள். மனுஷிதான் என்று அழுத்திச் சொல்ல வேண்டும், முன்பு போட்ட வார்த்தையும் கூடாது. ‘மோஸ்ட் அஷ்யூர்ட்லி’ என்று எழுதினாள்.

பதில் வந்தது: போன வாரம் முழுக்க உங்கள் மெஷின் இப்படித்தான் பேசி ஏமாற்றியது. மனுஷியாக இருந்தால் போன் செய். இல்லாவிட்டால் ஆர்டரை ரத்து செய்துவிட்டு வேறு கடை பார்க்கிறேன். நம்பரைப் போட்டுவிட்டு அந்த அம்மாள் சாட்டை மூடிவிட்டாள்.

வெண்மதி சித்தார்த்திடம் ஓடினாள்.

"சாட் ஆளுங்க போன் பண்ணக் கூடாதுக்கா. ரூல்."

"கட்டில் வேன்ல ஏறிடுச்சு சார். இப்ப கேன்சல் பண்ணா எறக்கிடுவாங்க. அந்த மனுஷன் எங்க படுப்பாரு?"

சித்தார்த் அவள் எழுதியதை மேலிருந்து கீழே படித்தார். "இன்டுபிட்டப்ளியா? எங்கக்கா புடிச்சீங்க இத? நானே மெஷின்னுதான் நெனச்சிருப்பேன்."

"திரும்பத் திரும்ப எழுதுனா மெஷின்னாங்க. மாத்தி மாத்தி எழுதுனாலும் மெஷினா சார்? அப்ப நான் என்னாதான் எழுதறது?"

சித்தார்த் தலையைச் சொறிந்தார். தன் மேசை போனை அவள் பக்கம் நகர்த்தினார்.

"நான் பொறுப்பு. ஆனா பேசறது நீங்கதான். அவுங்க கேட்டது உங்களத்தான்."

இங்கிலாந்துக்காரர் யாரிடமும் வெண்மதி வாய் திறந்து பேசியதில்லை. ஃபர்ஹானா ஹெட்போனைக் கழற்றிவிட்டு வந்து பக்கத்தில் நின்றாள். "ஹலோ சொல்லுக்கா, மிச்சம் தானா வரும்."

சித்தார்த் நம்பரை அழுத்தினார். வெண்மதி ரிசீவரைக் காதில் வைத்தாள். சர்ட்டன்லியா, ஷ்யூர்லியா, எதை முதலில் சொல்வது? பஸ் படிக்கட்டில் ஒருவரையொருவர் முட்டிக்கொண்டு யாரும் ஏற முடியாமல் நிற்கிற மாதிரி எல்லா வார்த்தைகளும் தொண்டையில் நின்றன. ‘சத்தியமா வந்துரும்மா’ என்பது மட்டும் நாக்கு நுனியில் இருந்தது. அதற்கு இங்கிலீஷில் என்ன என்று ஃபர்ஹானாவிடம் சைகையில் கேட்கப் பார்த்தாள்; சத்தியத்தைச் சைகையில் எப்படிக் கேட்பது?

அங்கே மணி அடித்துக்கொண்டிருந்தது. நம் ஊர் மணி மாதிரி இல்லை. இரண்டிரண்டாக அடித்து விட்டு விட்டுக் கேட்டது.

"எடுத்தாங்களாக்கா?"

வெண்மதி இல்லையென்று தலையை ஆட்டினாள். ரிசீவரைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டாள்.