தங்கம்மா பெய்வித்த மழை

தோட்டத்தின் பெயரை எழுதப் போவதில்லை. யட்டியாந்தோட்டைக்கு மேலே பஸ் திரும்பும் இடத்தில் நின்று பார்த்தால் தெரியும் இறப்பர் தோட்டங்களில் அதுவும் ஒன்று, அவ்வளவுதான். நான் மெல்பேர்னுக்கு வந்து வருடங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் தினமும் மழை அளவைக் குறிக்கும் 2003ஆம் ஆண்டின் மழைப் புத்தகம் அந்தத் தோட்டத்து அலுவலக அலமாரியில் இன்னும் இருக்கக்கூடும். அதில் மார்ச் மாதத்து வியாழக்கிழமை ஒன்றுக்கு நேரே என் கையெழுத்தில் ஒரு பொய் இருக்கிறது. எழுதியவன் நான். எழுத வைத்தவள் தங்கம்மா.

தங்கம்மா முப்பத்தாறு வருடம் பால் வெட்டியவள். அடுத்த மாதம் ஐம்பத்தைந்து முடிகிறது, ஓய்வு என்று வேலைப் பதிவேட்டில் பெயர் வெட்டிவிடுவார்கள். மாதர் சங்கத் தலைவியும் அவள்தான். யாரும் தேர்ந்தெடுத்ததாக நினைவில்லை. சங்க அறையின் சாவி அவள் மடியில் இருந்தது, அதனால் தலைவி.

அந்தப் பொய்க்கு விதை போட்டவர் யட்டியாந்தோட்டைக் கடைவீதியில் வாடகை பஸ் வைத்திருந்த மக்கீன் நானா. ஒரு கல்யாணக் கூட்டத்தை நானுஓயாப் பக்கம் ஏற்றிப் போனவர், வந்து சொன்னார்.

"ஏக்கர் கணக்குல பூ தங்கம்மாக்கா. மஞ்சள், ஊதா, செவப்பு, பாய் விரிச்ச மாதிரி."

"சாமிக்கா, பொணத்துக்கா?"

"ரெண்டுக்கும் இல்ல. வெதைக்கு."

"பறிக்காம சும்மா விட்டிருக்காங்களா?" தங்கம்மாவால் அதை நம்ப முடியவில்லை. "முப்பத்தாறு வருசமா நான் பாத்தது ரெண்டு நெறந்தான். பச்ச, வெள்ள. மத்ததெல்லாம் மேல கொண்டுபோய் ஒளிச்சு வச்சிருக்காங்க போல."

அன்று மாலையே, சங்கத்துப் பெண்கள் எல்லோரும் அந்தப் பூவைப் பார்க்கப் போக வேண்டும் என்று என் மேசைக்கு வந்து நின்றாள். நான் வெளிவேலைக் கிளாக்கர், இருபத்தாறு வயது, தமிழிலும் சிங்களத்திலும் படித்தவன். ஹட்டன் ஸ்டேஷனுக்குச் சிங்களத்தில் ஒரு கடிதம், பூப்பண்ணைக்குச் சிங்களத்தில் இன்னொன்று. தொலைந்துவிடுமோ என்று ஒவ்வொன்றுக்கும் மூன்று பிரதி எடுத்தேன். பதில் வந்தது. ஹட்டனிலிருந்து நானுஓயாவுக்கு மூன்றாம் வகுப்பில் இருபத்தேழு இடம், வியாழக்கிழமை மட்டும். பண்ணை ஞாயிறும் பௌர்ணமிப் போயா விடுமுறையும் பூட்டு. அடுத்த திங்கள் செடிகளை அறுத்துவிடுவார்கள். ஆக, அந்த வியாழனை விட்டால் வேறு நாள் இல்லை.

திட்டமிடல், விடியற்காலையில் ஆட்களைக் கூட்டும் பெரட்டுக்களம் மாதிரியே நடந்தது. தங்கம்மா பெயர் கூப்பிட்டு வேலை பிரித்தாள். நான்கு பேர் புளிச்சோறு, மூன்று பேர் சம்பல், இரண்டு பேர் வாந்திக்குத் தேசிக்காய். ரயில் நுழையும் ஒவ்வொரு சுரங்கத்துக்குப் பிறகும் தலை எண்ண ஓர் ஆள். போவது ரயிலில், மக்கீன் நானாவின் பஸ் ஹட்டனில் இறக்கிவிட்டு நானுஓயாவில் காத்திருந்து திரும்பக் கூட்டிவரும். ஹட்டனில் ரயில் கொஞ்ச நேரமே நிற்கும் என்று யாரோ பயமுறுத்தியதால் சங்க அறையில் ஒத்திகையும் நடந்தது. உட்காரும் வாங்குகளை இரண்டு வரிசையாகப் போட்டு, தரையில் சோக்குக் கோடு கிழித்து, தங்கம்மா விசில் ஊதினாள். முதல் நாள் இருபத்தேழு பேரும் ஏறி முடிக்க எட்டு நிமிடம். மூன்றாம் நாள் ஒன்றரை நிமிடம், ஒரு வாங்கின் கால் மட்டும் முறிந்தது.

எல்லாம் சரி, லீவு மட்டும்தான் மிச்சம். இலை உதிர்ந்து புதுத் தளிர் வந்து, பால் நன்றாக ஊறத் தொடங்கிய நேரம் அது. லீவு கொடுக்க வேண்டிய தோட்டத்து மேனேஜர் துரை இளம் வயதுக்காரர், சிங்களவர், தமிழை உடைத்து உடைத்துப் பேசுவார்.

"இருவத்தேழு பேரும் போனா மரம் தானா வெட்டிக்குமா தங்கம்மா? முடியாது." அவள் நகராமல் நின்றதைப் பார்த்துச் சிரித்தார். "மழ பெய்ஞ்சா போங்க."

மரப்பட்டை நனைந்திருந்தால் பால் வெட்ட முடியாது, மரத்தில் கீறிய கோட்டில் நில்லாமல் பால் வழிந்துவிடும். மழை நாளில் வேலை இல்லை. அதை நினைத்துச் சொன்ன பகிடி அது. தங்கம்மா சிரிக்கவில்லை. "சரிங்க தொர," என்றாள்.

வெளியே வந்ததும் என்னிடம் கேட்டாள். "மழ பெய்ஞ்சுதா இல்லையான்னு யாருங்க ஐயா முடிவு பண்றது?"

நான் உற்சாகமாக விளக்கினேன். அதுதான் என் பிழை. விடிய முன்னே கங்காணி மரத்தைத் தொட்டுப் பார்ப்பார், நான் அலுவலகத்துக்குப் பின்னால் இருக்கும் மழைமானியை அளப்பேன், இரண்டும் பொருந்தினால் மழை. "ஒரு சிரட்டைத் தண்ணி விழுந்தா முக்கால் அங்குலம் காட்டும்," என்று அளவு வரைக்கும் சொல்லிக்கொடுத்தேன்.

கங்காணி கன்னையா, தங்கம்மாவின் புருஷனுக்குத் தம்பி. இருபது வருடமாகப் பெரட்டுக்களத்து ஓரத்தில் நிற்கும் அதே மூன்று மரங்களைத்தான் தொட்டுப் பார்ப்பார். டோர்ச்சை எடுத்துக்கொண்டு மலையேற அவருக்கு முழங்கால் வலி. மலைக்கு மேல் மரம் ஈரமா இல்லையா என்பதைத் துரை உட்பட எல்லோரும் அவர் வாயால் கேட்டே அறிந்திருந்தார்கள்.

வியாழக்கிழமை விடியப் போகும் நேரத்தில் நான் பெரட்டுக்களத்துக்குப் போனபோது வானம் முழுக்க வெள்ளி மின்னியது, மேகமே இல்லை. பெண்கள் பெட்டிக்குள் இருந்த சேலைகளைக் கட்டி, கையில் சோற்றுப் பார்சலோடு வரிசையாக நின்றார்கள். மக்கீன் நானாவின் பஸ் ரோட்டில் உறுமிக்கொண்டிருந்தது. கன்னையா முதல் மரத்தில் கை வைத்தார். கை நனைந்தது. இரண்டாவது மரம், அதுவும் ஈரம். மூன்றாவதிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் மேலே பார்த்தார். பிறகு கையை மூக்கருகே கொண்டுபோனார்.

"மதினி, இந்த மழைக்கு அமோனியா வாட அடிக்குதே."

பால் உறையாமல் இருக்க வாளியில் அமோனியா விடுவது வழக்கம். அந்த வாளியைக் கழுவாமலே பெண்கள் மரத்துக்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள்.

"மேலருந்து வர்ற மழ," என்றாள் தங்கம்மா. "அதோட வாட எனக்கு எப்புடித் தெரியும்?"

"இந்த மூணு மரத்துல மட்டும் பெய்ஞ்சிருக்கு."

"அப்புடியா கொழுந்தனாரே? அப்ப மலைக்கு ஏறி மத்த மரத்தயும் தொட்டுப் பாத்துட்டு வந்து சொல்லுங்களேன். இருவது வருசமா தெனமும் தொடுற மரந்தானே. தொர வந்தா நீங்க மேல போயிருக்கீங்கன்னு சொல்லிக்கிறோம்."

வரிசையில் யாரோ இருமினார்கள். கன்னையா முழங்காலைத் தடவிக்கொண்டார். மலையைப் பார்த்தார், மதினியைப் பார்த்தார்.

"மழதான்," என்றார்.

நான் மழைமானியிடம் ஓடினேன். ஐந்து அங்குலத்துக்கு மேல் காட்டியது. அந்தக் கணக்குப்படி களனி கங்கை பெருகி, யட்டியாந்தோட்டைக் கடைவீதியில் மக்கீன் நானா தோணி ஓட்டிக்கொண்டிருக்க வேண்டும். விசாரித்தால், தங்கம்மா ஒரே ஒரு சிரட்டை ஊற்றச் சொன்னது சங்கத்துப் பெண் நிரோஷாவிடம். நிரோஷா மறந்துவிடுவாளோ என்று பயந்து, குடியிருக்கும் லயத்துக்கு ஒருத்தியாக ஏழு பேர் ஊற்றியிருக்கிறார்கள்.

"ஐயா, ஒங்களுக்கு வேண்டிய அளவ வச்சுக்கிட்டு மிச்சத்தக் கீழ ஊத்திருங்க," என்றாள் நிரோஷா.

அரை அங்குலம் என்று எழுதினேன். பேனாவை மூடுவதற்குள் துரையின் மோட்டார் சைக்கிள் வந்தது. மழை பெய்த காலையில், பின்னால் ஆள் உயரத்துக்குத் தூசி கிளப்பிக்கொண்டு வந்தது.

துரை இறங்கினார். பட்டுச் சேலைகளைப் பார்த்தார். புத்தகத்தை வாங்கிப் படித்தார். மரத்தைத் தொட்டு, அவரும் முகர்ந்தார்.

"கங்காணி, மேல எப்பிடி?"

"எல்லா எடத்துலயும் ஈரந்தாங்க தொர," என்றார் கன்னையா, தன் செருப்பைப் பார்த்தபடி.

"நீ போய்ப் பாத்தியா?"

தங்கம்மா முன்னுக்கு வந்தாள். இருபத்தேழு இடம், மூன்று நாள் ஒத்திகை, திங்கட்கிழமை அறுக்கப்போகும் பூக்கள் எல்லாம் அவள் முகத்தில் நின்றன.

"தொர மழ பெய்ஞ்சா போகலாம்னு சொன்னீங்க. யாரு பெய்ய வைக்கணும்னு சொல்லல. ஞாயித்துக்கெழம இந்த மலையில ஒரு மரம் பாக்கியில்லாம வெட்டித் தாறோம், மேல்கூலி வேண்டாம். அப்ப மழ பெய்ஞ்சாத்தான் கஷ்டம்."

துரை கொஞ்ச நேரம் புத்தகத்தைப் புரட்டினார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, என் பொய்க்குக் கீழே கையெழுத்துப் போட்டார்.

"ஹரி வெஸ்ஸ," என்றார் சிங்களத்தில். சரியான மழைதான். "கங்காணி, நீ மட்டும் இங்க இரு. நாம ரெண்டு பேரும் மலைக்குப் போவோம். மேல என்ன மரம் இருக்குன்னு காட்டு."

ஹட்டனில் இருபத்தேழு பேரும் ஒரு நிமிடத்துக்குள் ஏறினார்களாம். ஸ்டேஷன் மாஸ்டரே வெளியே வந்து பார்த்தாராம். பண்ணையில் முதல் வரப்பில் கால் வைத்தபோது நல்ல வெயில். நான் போகவில்லை, எல்லாம் நிரோஷா சொன்னதுதான். மஞ்சள் முடியும் இடத்தில் ஊதா, ஊதாவுக்கு அப்பால் சிவப்பு, மலை விளிம்பு வரைக்கும். தலை எண்ண வேண்டியவள் எண்ண மறந்துபோனாள். கடைசியில் தங்கம்மா பண்ணைக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"இதுல எதயும் வெட்ட வேண்டாமா?"

"இன்னிக்கி வேண்டாம்மா."

"நல்லது," என்று சொல்லி வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். பஸ் வரும்வரை எழும்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சொன்னபடி வெட்டினார்கள். ஏப்ரலில் அவள் பெயர் வெட்டிய நாளன்று அலுவலகத்தில் ஒரு தேநீர் விருந்து வைத்தோம். துரை மாலை போட்டார். பிறகு ஜன்னலுக்கு வெளியே பார்த்து, முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு கேட்டார்.

"தங்கம்மா, நாளைக்கி மழ வருமா?"

"நானென்னங்க கண்டேன் தொர," என்று அவள் தேநீரை ஒரு மிடறு குடித்து, என் பக்கம் கையை நீட்டினாள். "கிளாக்கர் ஐயாவக் கேளுங்க. அவருதானே எழுதுறவரு."