அப்பாவின் இரண்டாவது வாதம்

வங்கித் தேர்வுப் பயிற்சி வகுப்பில் இன்று வலுவான வாதம் எது, வலுவற்ற வாதம் எது என்று கண்டுபிடிக்கும் பாடம். எல்லாக் கேள்விகளுக்கும் சரியாக விடை எழுதினேன்.

நாமக்கல் பேருந்து நிலையத்தில் அப்பா காத்திருந்தார். லாரி ஓட்டுகிறவர். டீ வாங்கிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: “படிச்சது போதும் சாமி. கலியாணத்தப் பண்ணிப்போடலாம். ஊருல எல்லாரும் கேக்கறாங்க.”

“எல்லாரும் கேக்கறாங்கங்கறது வலுவில்லாத வாதம்ப்பா.”

அப்பா சிரிக்கவில்லை.

“எதுக்க வர்ற லைட்டு ரெண்டு ரெண்டாத் தெரியுது சாமி. வண்டியோட்டறத உட்டுப்போடலாம்னு இருக்கறேன். அதுக்குள்ள உன்னையக் கரை சேத்தோணும்.”

“சரிங்கப்பா” என்றேன். அழுகை வரவில்லை. டீ சூடாக இருந்ததா என்றுகூட நினைவில்லை.

இதற்கு எதிர்வாதம் தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள். ஒன்றே ஒன்று போதும்.