அத்தை பல் பிடுங்கிய நாள்

எங்கள் அத்தைக்குக் கோபம் வந்தால் எதையாவது கழற்றிப் பூட்ட ஆரம்பித்துவிடுவார். வீட்டில் மின்விசிறி, மிக்சி எதுவும் தப்பியதில்லை. இடியப்பம் பிழிந்து பிழிந்து மணிக்கட்டு வீங்கிப்போன கடைக்காரப் பெண்களைப் பார்த்து வந்த கோபத்தில்தான், மேசைமேல் வைத்துப் பிழியும் சின்ன இயந்திரம் ஒன்றைச் செய்தார். அதிலிருந்து மலேசியாவில், எங்கள் சுபாங் ஜெயாவில், ஒரு கம்பெனியே வளர்ந்தது.

கம்பெனி பெரிதானதும் நிர்வாகம் படித்தவர்களை அத்தையே தேடிப்பிடித்து மேலாளர்களாகச் சேர்த்தார். கம்பெனியில் பங்கும் கொடுத்தார். வந்தவர்களோ, தொழிற்சாலைகளுக்குப் பெரிய இயந்திரம் மட்டும் செய்வோம், சின்னதை நிறுத்திவிடுவோம் என்றார்கள். அத்தை முடியவே முடியாது என்றார். அந்தச் சண்டை எங்கள் சாப்பாட்டு மேசை வரைக்கும் வந்தது.

சின்ன இயந்திரத்தின் தலையெழுத்தையும் அத்தையின் பதவியையும் முடிவு செய்யும் கூட்டம் ஒருநாள் பதினோரு மணிக்கு இருந்தது. எட்டு வயதான எனக்கு அது ஏதோ மீட்டிங். அன்று காலையில் பக்கத்து ஊரான கிள்ளானிலிருந்து ஒரு கடைக்கார அக்கா அழுதுகொண்டே போன் செய்தார். மதியம் நிச்சயதார்த்த வீட்டுக்கு முந்நூறு இடியப்பம் போக வேண்டும், உங்கள் சின்ன இயந்திரம் நின்றுவிட்டது, கம்பெனியில் பழைய மாடலைப் பழுதுபார்க்க மாட்டோம் என்கிறார்கள் என்றார். கூட்டத்துக்காகக் கட்டிய பட்டுப் புடவையோடு, பள்ளி விடுமுறையில் இருந்த என்னையும் ஏற்றிக்கொண்டு அத்தை கிள்ளானுக்கு வண்டியை விட்டார்.

அரை மணி நேர வேலை என்றுதான் மேசைக்கு அடியில் இருந்த மோட்டாரைக் கழற்றப் புகுந்தார். பதினோரு மணியும் தாண்டியது. அத்தையின் போன் என் கையில் அடித்தது.

"அத்தை எங்கேம்மா? எல்லாரும் வெயிட் பண்றாங்க லா. இன்னும் பத்து நிமிஷம்தான், அப்புறம் அவங்க இல்லாமலே முடிவு பண்ணிடுவாங்க," என்றார் ஒரு மேலாளர்.

நான் குனிந்து அப்படியே சொன்னேன். ஸ்பேனர் சத்தம் சற்று நின்றது.

"பல்லு புடுங்கிக்கிட்டு இருக்காங்கன்னு சொல்லு."

"ரெண்டு பல்லு, அங்கிள்," என்று நானும் என் பங்குக்குச் சேர்த்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து மோட்டார் உறுமியது. கடைக்கார அக்கா "முருகா!" என்று கத்தினார். மேலாளர் போனை வைத்துவிட்டார். பல் டாக்டரின் மிஷின் என்று நம்பிவிட்டார் என நினைத்தேன். அந்த மோட்டார் சத்தத்தை அவர் கம்பெனியில் தினமும் கேட்டவர்.

முந்நூறு இடியப்பமும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தன. புடவையெல்லாம் கிரீஸோடு அத்தை சிரித்துக்கொண்டு நின்றார். அவரைப் போல ஓர் ஆளை நான் இன்றுவரை பார்த்ததில்லை.

மறுவாரம் அத்தையின் ஆபீஸ் சாமான்கள் இரண்டு பெட்டிகளில் வீட்டுக்கு வந்தன.

"இனிமே அத்தை ஆபீஸ் போக வேணாம்டி," என்றார்.

இனி நாள் முழுக்க என்னோடுதான் இருப்பார் என்ற சந்தோஷத்தில் நான் குதித்துக் கைதட்டினேன். அத்தை என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அவரும் சேர்ந்து தட்டினார்.