வேப்பிலை கட்டிய வாசல்

போன செவ்வாய்க்கிழமை மத்தியானத்திலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏன் என்று சொல்லிவிடுகிறேன்... திட்டுவதானால் திட்டுங்கள்.

சேரப்பணஞ்சேரிப் பக்கம், எங்கள் தெருவுக்குப் பின்னால் புதர்க்காடு. ஆட்டுக்குப் புதுப்புல் முளைக்கட்டும் என்று யாரோ காய்ந்த புல்லைக் கொளுத்தியிருக்கிறார்கள். வருஷா வருஷம் நடப்பதுதான். அன்று பார்த்துக் காற்று திரும்பிவிட்டது. தெருவில் அத்தனையும் ஓலைக் கூரை!

நாங்களும் தயாராகத்தான் இருந்தோம். தவலைகளில் தண்ணீர், நனைத்த கோணி, ஓலையைப் பிடுங்கத் தொரட்டி – எல்லாம் உண்டு. ஆண்கள் தெருக்கோடியில் கூரையேறினார்கள். பெண்கள் பிள்ளைகளையும் மாடுகளையும் ஏரிக்கரைக்கு ஓட்டினோம். நான் வீடு வீடாகக் கதவைத் தட்டிக்கொண்டே போனேன். ஒரு வீட்டையும் விடவில்லை என்றுதான் நினைத்தேன்.

கரையில் மூச்சு வாங்கும்போது பக்கத்து வீட்டு ராணி கேட்டாள்: "யக்கா, செல்விய காணமே? அவ பொண்ணுக்கு முடியாம கீதே!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

செல்வியின் மகளுக்கு அம்மை. புருஷன் லாரியோடு வெளியூர் போயிருக்கிறான். வாசலில் வேப்பிலை கட்டியிருந்தது. அம்மை போட்ட வீட்டை நாங்கள் தட்டமாட்டோம், பேர் சொல்லிக் கூப்பிடமாட்டோம். நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்த வாசலில் நின்று, "தாயே, காப்பாத்து" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு... அடுத்த வீட்டைத் தட்டப் போய்விட்டேன்!

திரும்பி ஓடினேன். ஒரே புகை. அவள் கூரை முனையில் தீ பிடித்துவிட்டது. உள்ளே செல்வி, மகளை மடியில் கிடத்தி உட்கார்ந்திருக்கிறாள்.

"அடியே, இன்னாடி பண்ணிகினு கீற? வெளிய வா!"

"இன்னும் தலைக்குத் தண்ணி ஊத்தல யக்கா. ஆத்தா எறங்காம எப்டி வாசப்படி தாண்டறது? குத்தமாயிடும்."

"ஆத்தாளையும் சேத்துத் தூக்கிகினு வாடி! அவளுக்கு மட்டும் நெருப்பு சுடாதா?"

சொன்னது என் வாய்தானா? செல்வி மகளைப் பாயில் கிடத்தினாள். பிறகு பாயின் ஒரு முனையைப் பிடித்தாள். "தலைமாட்ட நீ புடி யக்கா."

பாயோடு தூக்கி வந்தோம். நாலு வீடு தாண்டித் திரும்பிப் பார்த்தால் – கூரை அப்படியே உள்ளே உட்கார்ந்துவிட்டது!

கரையில் சிலர் தங்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு விலகினார்கள். ராணி மட்டும் முந்தானையால் விசிறினாள். குழந்தை கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டது.

வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலுக்குப் போனேன். வேண்டிக்கொள்ள ஒன்றும் தோன்றவில்லை. "தட்டாம போனேனே தாயே" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

இனி ஒரு தடவை தீ வந்தால் அம்மை வீட்டைத்தான் முதலில் தட்டுவேன். கும்பிடுவதெல்லாம் கரைக்கு வந்த பிறகு!