நாற்பத்தேழாம் ஏட்டில் ஒரு சுரம்

அக்கா எட்டாவதோடு நிறுத்திவிட்டுத் தையல் மெஷினில் உட்கார்ந்தாள். சின்னவள் படித்துக்கொண்டே போய், எழுநூறு வருஷத்துக்கு முந்தைய ஐரோப்பியத் தேவாலயப் பாட்டுச் சுவடி ஒன்றில் வந்து நின்றாள். கன்றுத்தோல் ஏடுகள், நாலு சிவப்புக் கோடு, அதன்மேல் கறுப்புச் சதுரங்களாகச் சுரங்கள். அதைச் சரளமாக வாசிக்கிற அத்தனை பேரையும் ஒரே வேனில் ஏற்றிவிடலாம் என்று அக்கா கடைக்கு வருகிறவர்களிடம் பெருமையடிப்பாள்.

அசலை நூலகத்தில் லேசில் தரமாட்டார்கள். ஆறு வருஷமாகச் சின்னவள் போட்டோவை வைத்தேதான் படித்தாள். நாற்பத்தேழாம் ஏட்டில், படிப்படியாகப் போகிற பாட்டு ஓரிடத்தில் திடீரென்று மேலே தாவியது. வேறெந்தப் பிரதியிலும் அந்தத் தாவல் இல்லை. அதைப் பற்றி எழுதிய கட்டுரைதான் அவளுக்குப் பல்கலைக்கழகத்தில் வேலை வாங்கிக் கொடுத்தது. வேலையை நிரந்தரமாக்கும் குழு வெள்ளிக்கிழமை கூடுகிறது. அசலைப் பார்க்க அனுமதி வந்தது செவ்வாய்க்கிழமை.

மெல்லிய தோலில் பின்பக்கம் தெரியாமலிருக்க, ஏட்டுக்கு அடியில் வெள்ளைத்தாள் செருகிப் பார்ப்பது வழக்கம். செருகினாள். அந்தச் சுரம் காணாமல்போனது. தாளை உருவினாள், திரும்பி வந்தது. அங்கே இருந்தது கடுகளவு ஓட்டை. அடுத்த ஏட்டின் மை அதன் வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"என்னம்மா, முகமெல்லாம் வெளுத்துப்போச்சு?" என்றார் நூலகர். தலைவலி என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

நேரே அக்கா கடைக்குப் போய் ஒன்றுவிடாமல் சொன்னாள். வேறு யாருக்காவது தெரியுமா என்று கேட்டாள் அக்கா. தெரியாது. இனி யாராவது பார்ப்பார்களா? பத்து வருஷத்துக்குப் பார்க்கமாட்டார்கள்.

"அப்ப வெள்ளிக்கிழமை முடியட்டும். அப்புறமா மெதுவா சொல்லிக்கலாம்."

சொல்லிக்கொண்டே அக்கா ஒரு சட்டையின் கழுத்துப்பட்டியைத் தையல் தையலாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். நூலளவு கோணல்.

"சட்டை குடுத்தவங்க குறை சொன்னாங்களாக்கா?"

"அவங்க இன்னும் பாக்கவே இல்ல."

"பின்ன ஏன் பிரிக்கிற?"

அக்காவின் கை நின்றது. "இது சட்டைடி. அது உன் சோறு."

சொல்லிவிட்டு மறுபடி பிரிக்க ஆரம்பித்தாள்.

மறுநாள் நூலகத்தில், சுவடிப் பெட்டிக்குள் வாசகர்கள் எழுதி வைக்கும் குறிப்புச் சீட்டில் பென்சிலால் எழுதினாள்: 'ஏடு 47. இங்கே சுரம் இல்லை, ஓட்டை. என் கட்டுரை தவறு.' கையெழுத்தும் தேதியும் போட்டாள். அதையே கடிதமாக்கிக் குழுவுக்கும் அனுப்பினாள்.

வேலை நிரந்தரமாகவில்லை. இன்னும் ஒரு வருஷம் பார்க்கலாம் என்று பதில் வந்தது. அக்கா அதை இரண்டு முறை படித்துவிட்டு நான்காக மடித்து அளவு நோட்டுக்குள் வைத்துக்கொண்டாள். இப்போது கடைக்கு வருகிறவர்களிடம் வேன் கதை சொல்வதில்லை. ஊரே சுரம் என்று நம்பியதை ஓட்டை என்று கண்டுபிடித்தவள் தன் தங்கச்சி என்கிறாள். நம்ப வைத்ததும் அதே தங்கச்சிதான் என்பதை மட்டும் சொல்வதில்லை.