தார்ப்பாய்க்குள் இருந்த படகு

அன்று காலை பத்து ஐம்பதுக்குச் செய்தி வந்தது. பழுகாமத்துக் கிராம சேவகர் பேசினார்.

"தம்பி, தர்சினி மிஸ்ஸுக்கு மூச்சு இழுப்பு வந்திட்டு. றோட்டெல்லாம் வெள்ளம். தோணியிலதான் ஏத்தினம். வாவிக்கு நடுவில மூச்சு நிண்டிட்டு."

"எஞ்சின் படகு?" என்று கேட்டேன்.

"அது கரையிலதான் இரிக்கி, தம்பி."

என் மனைவி தர்சினியோடு திட்டமிடல் கிளையில் வேலை செய்த உங்களுக்கு அந்தப் படகைத் தெரியும். சுனாமிக்குப் பிறகு வெளிநாட்டு உதவியில் வந்தது. வாவியின் மேற்குக் கரை நோயாளிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர அவள் கேட்டு வாங்கியது. படகு வாங்கக் காசு இருந்தது. ஓட்டுநர் பதவியை உருவாக்க மாகாணத்துக்கு அதிகாரம் இல்லை. மாகாணத்தில் கேட்டால் கொழும்பு என்றார்கள். கொழும்பில் கேட்டால் மாகாணம் என்றார்கள்.

தேர்தல் வந்தபோது படகுக்குப் புதிதாக வர்ணம் பூசி, இரண்டாம் முறையும் ரிப்பன் வெட்டினார்கள். அன்றைக்கு மட்டும் ஓட்ட ஒரு மீனவரைப் பிடித்து வந்தார்கள். "ஒரே பிள்ளைக்கு ரெண்டாந்தரமும் பேர் வைக்கிறாங்க. பால் குடுக்கத்தான் ஆளில்ல" என்றாள் தர்சினி. நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். நானும்தான்.

படகின் நிலை பற்றி வருடாவருடம் சான்று எழுதுவது தொழில்நுட்ப உத்தியோகத்தரான என் வேலை. தார்ப்பாயை நீக்கி, எஞ்சினை ஸ்டார்ட் செய்து பார்த்து, "நல்ல நிலை" என்று எழுதுவேன். போன வருடம் அவள் என்னிடம் கேட்டாள்.

"இந்த முறை பழுது எண்டு எழுதுங்க. திருத்தக் காசு வரும். அதில ஆள் வெச்சு மாரி முடியுமட்டும் ஓட்டலாம்."

"பொய் எழுத ஏலாது, தர்சி."

"நீங்க எழுதுற உண்ம படகுக்கு மட்டுந்தான் நல்லம்."

நான் "நல்ல நிலை" என்றே எழுதினேன்.

யுத்தம் முடிந்தது. இனி எல்லாம் வரும் என்றார்கள். வீதிக்குக் காசு வந்தது. வேறு எதற்கும் செலவழிக்கக் கூடாது என்ற கடிதமும் சேர்ந்தே வந்தது. முதல் மாரியிலேயே அந்த வீதி வெள்ளத்துக்குள் போய்விட்டது. அடுத்த வருடத் தேவைகளை எழுதி எடுக்க அவள் பழுகாமம் போனது அந்த வாரத்தில்தான்.

அவளுடைய பையைக் கொண்டுவந்து தந்தார்கள். மருந்து தீர்ந்த இழுப்புப் பம்ப் இருந்தது. ஓரம் நனைந்த தேவைப் பட்டியலும் இருந்தது. முதல் வரியில் அவள் கையெழுத்து: "படகோட்டி, ஒருவர்." இந்தத் தாள் என்னிடம் இருக்கும். வேறு எதையும் வைத்துக்கொள்ளத் தெரியவில்லை.

இன்று காலை அலுவலகத்திலிருந்து போன் எடுத்தார்கள். துக்கம் விசாரித்தார்கள். பிறகு, தயங்கித்தான், இந்த வருடச் சான்று இன்னும் வரவில்லை என்றார்கள்.

படகு நல்ல நிலையில் இருக்கிறது. சான்றை எழுதாமல் போனை அணைத்துவிட்டேன்.