இழைக்காத ஓரமும் இரும்புக் காலும்

வெல்டிங் பட்டறைக்கும் தச்சுப் பட்டறைக்கும் "நாளைக்கு வாங்க" என்ற பதிலைக் கேட்டே நடையாய் நடந்தவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: அந்த வெல்டரும் தச்சரும் ஒரே கொட்டகையில் தொழில் செய்தார்கள் என்றால், அவர்கள் பட்ட பாடு உங்கள் பாட்டைவிடப் பெரிது. கள்ளக்குறிச்சியில் நான் இரும்பு, கோவிந்தன் மரம். தடிப் பலகையை அதன் இயற்கையான வளைவோடு அப்படியே விட்டு, இரும்புக் கால் வைத்து மேசையும் பெஞ்சும் செய்தோம்.

சீர்வரிசை பெஞ்சு

மணலூர்பேட்டைக்காரர் ஒருவர் மகள் கல்யாணச் சீருக்குக் கட்டில் கேட்டு வந்தார். சென்னையில் இப்போது இதுதான் ஸ்டைல் என்று நான் அளந்துவிட்டதில், கட்டிலோடு புளியம்பலகை பெஞ்சு ஒன்றும் சேர்ந்துகொண்டது. நாங்களே வண்டியில் ஏற்றிப்போய் மண்டபத்தில் இறக்கினோம்.

மாப்பிள்ளையின் அப்பா பெஞ்சைச் சுற்றி வந்தார். கோணல்மாணலான ஓரத்தைத் தடவிப் பார்த்தார். பெண்ணைப் பெற்றவர் முகம் செத்துவிட்டது. மாப்பிள்ளையின் அப்பாவோ சொந்தக்காரர்கள் பக்கம் திரும்பிச் சிரித்தார்: "பாவம், இன்னா அவசரமோ, பாதி வேலையிலயே புடுங்கிக்கினு வந்துட்டாங்க!"

கடைசிச் சுற்று

தையல் கடைக்கு ஒரு பெரிய மேசை. "வெயில்ல மரம் சுருங்கும்யா, போல்ட்டு ஓட்டைய நீட்டமா போடு, அது நகர எடம் வேணும்" என்றார் கோவிந்தன். ஓட்டை போடுவதைப் பற்றி எனக்கே பாடமா என்று ரோஷம் வந்துவிட்டது. போல்ட் அளவுக்கே துளை போட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு முறுக்கினேன். கத்திரி வெயிலில் பலகை நடுவே பிளந்தது. ஊசியெல்லாம் அந்தப் பிளவில் விழுகிறது என்று தையல்காரர் வந்து நின்றார்.

கோவிந்தன் உளிப்பையை எடுத்துச் சைக்கிளில் மாட்டினார். தப்புதான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பெடலில் கால் வைத்தபடி அவர்தான் சொன்னார்: "சுருங்கும்னேன், சுருங்கிச்சி. உன்னவிட அந்தப் பலகை தேவல, சொன்ன பேச்ச கேட்டுது."

அவர் இல்லாத கொட்டகையில் இழைப்புளிச் சத்தமும் இல்லை. ஒரு மாதம் வெறும் கேட்டும் கிரில்லும் செய்தேன். வேலைக்குக் குறைவில்லை, ஆனால் எதிலும் மனம் ஒட்டவில்லை.

கரியாலூர் பலாமரம்

அப்போதுதான் கரியாலூரிலிருந்து பொன்னம்மா வந்தார். காற்றில் சாய்ந்த வீட்டுப் பலாமரத்தை மினி லாரியில் கொண்டுவந்து, பெஞ்சு வேண்டும் என்றார். மரம் அறுக்கும் மில்லில் ஒரு பக்கம் அறுபட்டது. மறுபக்கம் போட்டதும் ரம்பம் கிறீச்சிட்டு நின்றது. உள்ளே இரும்பு! மில்காரர் கட்டையை வெளியே உருட்டிவிட்டார்.

பொன்னம்மா பதறவில்லை. "மாடு கட்ட எங்க வூட்டுக்காரரு அடிச்ச வளையம்பா. மரம் முழுங்கிடிச்சி. அவரும் போயிட்டாரு. அந்த வளையம் இருக்கற பலகைதான் எனுக்கு வேணும்" என்றார்.

கேஸ் வைத்து அறுத்தால் மரம் கருகும். இது உளி வேலை. ரோஷத்தை மடித்து வைத்துவிட்டு வடக்கனந்தலில் கோவிந்தன் வீட்டு வாசலில் போய் நின்றேன். "தப்பு என்னுதுதான்" என்றேன். அவர் கேட்டதெல்லாம், வளையம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதுதான்.

பெரிய ரம்பத்தை ஆளுக்கொரு முனை பிடித்து இரண்டு நாள் இழுத்தோம். வளையத்தை ஒட்டி அவர் உளியால் மெல்ல மெல்லக் கொத்த, பாதி வளையம் பலகை ஓரத்தில் வெளியே வந்தது. அவர் வாய் திறக்குமுன் நான் ஓட்டைகளை நீட்டமாகப் போட்டு முடித்திருந்தேன்.

பொன்னம்மா பெஞ்சை எடுத்துப்போக வந்த அன்று, இரும்பையும் மரத்தையும் சேர்ப்பது இந்தப் பக்கத்திலேயே நாங்கள்தான் முதல் என்று பெருமையடித்தேன். அவர் வளையத்தைத் தடவிக்கொண்டே சொன்னார்: "இன்னாப்பா பெரிய புதுசு? எங்க வூட்டுக்காரரு எப்பவோ சேத்து வெச்சாரு, நீங்க காலுதான வெச்சீங்க!"

கோவிந்தன் இப்போது மகனோடு ஓசூரில் இருக்கிறார், இங்கே திட்ட ஆளே இல்லாதபோதும் போல்ட்டின் கடைசிச் சுற்றில் என் கை பயந்து நின்றுவிடுகிறது.